மின்னிசையின் கதை – 12: ரோலண்டின் வெள்ளிப் பெட்டி

ஒசாகாவில் இகுதாரோ காகேஹாஷி 1972-ல் தொடங்கிய ரோலண்ட் நிறுவனம், 1981-ல் இரண்டு சிறு பெட்டிகளை ஜோடியாக வடிவமைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒன்று டிஆர்-606 என்ற டிரம் மெஷின். மற்றது டிபி-303 என்ற பேஸ் சின்தசைசர். இரண்டும் ஒரே அளவு, ஒரே வெள்ளி நிறம். வீட்டில் தனியாக உட்கார்ந்து கிட்டார் பழகுகிறவருக்குப் பக்கவாத்தியத்துக்கு ஆள் கிடைப்பதில்லை. தாளத்துக்கு ஒரு பெட்டி, பேஸ் கிட்டாருக்கு ஒரு பெட்டி என்று இந்த ஜோடி அந்தக் குறையைத் தீர்த்துவிடும் என்பது நிறுவனத்தின் எண்ணம்.

வடிவமைப்புக்குப் பொறுப்பேற்றவர் தடாவோ கிகுமோட்டோ என்ற பொறியாளர். அமெரிக்காவில் விலை 395 டாலர். ஓர் அடி அகலம், ஒரு கிலோ எடை. நான்கு டார்ச் பேட்டரிகள் போட்டால் ஓடும். கிட்டார் உறைக்குள் செருகிக்கொண்டு கச்சேரிக்கே போகலாம்.

கிட்டார்காரர்கள் வாங்கவில்லை. 1984-ல் உற்பத்தி நின்றபோது மொத்தம் சுமார் 10,000 பெட்டிகள்தான் வெளிவந்திருந்தன. அவற்றில் பலவும் பழைய பொருள் கடைகளுக்கும் அடகுக் கடைகளுக்கும் போய்ச் சேர்ந்தன. இந்தத் தொடரில் இதுவரை பார்த்த கருவிகளில் வணிகரீதியாக இவ்வளவு தெளிவாகத் தோற்றது வேறில்லை. இருபதாம் நூற்றாண்டின் கடைசி இருபது ஆண்டுகளின் நடன இசையை இவ்வளவு ஆழமாக மாற்றியதும் வேறில்லை என்பது என் கருத்து. அதற்கான காரணம் ஸ்வர வரிசையைப் பதிந்துவைத்துத் தானே திரும்ப வாசிக்கும், இந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்த சீக்வென்சரில் இருக்கிறது. ஆகவே இந்தப் பகுதியில் அதைக் கொஞ்சம் பொறுமையாகத் திறந்து பார்ப்போம்.

சீக்வென்சர் 1981-ல் புதிதல்ல. டான் புக்லாவின் அறுபதுகளின் கருவிகளில் அது இருந்தது. ராபர்ட் மோக்கின் 960 என்ற தொகுதியில் மூன்று வரிசை, வரிசைக்கு எட்டுக் குமிழ்கள்; ஒவ்வொரு குமிழையும் திருப்பி ஒவ்வொரு ஸ்வரத்தின் மின்னழுத்தத்தை நிறுத்திவைக்க வேண்டும். இங்கிலாந்தின் இஎம்எஸ் நிறுவனம் 1972-ல் சின்தி ஏகேஎஸ் என்ற கருவியில், ஒரு பெட்டிக்குள்ளேயே சின்தசைசரையும் எண்முறை சீக்வென்சரையும் சேர்த்து வைத்தது. பிங்க் ஃபிளாய்டு குழுவின் 'ஆன் தி ரன்' அதில் பிறந்ததுதான். ரோலண்டே 1977-ல் எம்சி-8 என்ற கருவியைக் கொண்டுவந்தது; அதில் ஸ்வரங்களை எண்களாகத் தட்டிப் பதிய வேண்டும். இவையெல்லாம் ஸ்டூடியோக்காரர்களும் பல்கலைக்கழகங்களும் வாங்கக்கூடிய பொருள்கள். 303-ல் புதிதாக இருந்தது விலையும் அளவும்தான். நான்கு பிட் நுண்செயலி ஒன்றை வைத்து, 64 பேட்டர்ன்களையும் அவற்றைக் கோத்து அமைக்கும் ஏழு பாடல்களையும் நினைவில் வைத்திருக்கும் சீக்வென்சரைக் கைக்கடக்கமான பெட்டிக்குள் கிகுமோட்டோ அடக்கிவிட்டார்.

சரி, அதில் ஒரு மெட்டை எப்படிப் பதிவது?

பெட்டியின் கீழ்ப்பகுதியில் ஒரு ஆக்டேவுக்கான பதின்மூன்று பொத்தான்கள், பியானோக் கட்டைகளின் வரிசையில். ஒரு பேட்டர்னுக்கு அதிகபட்சம் பதினாறு ஸ்டெப். வாசித்தால் அப்படியே பதிவாகிவிடும் என்று நினைத்து உட்கார்ந்தவர்கள் முதல் மாலையிலேயே சலித்துப்போனார்கள். ஏனென்றால் 303 ஸ்வரத்தையும் காலத்தையும் தனித்தனியாகக் கேட்கிறது. ஒரு வர்ணத்தின் ஸ்வரங்களை மட்டும் ஒரு தாளில் இடைவெளியில்லாமல் வரிசையாக எழுதுகிறீர்கள். எந்த அட்சரத்தில் ஸ்வரம் விழ வேண்டும், எங்கே கார்வை, எங்கே மௌனம் என்பதை வேறொரு தாளில் எழுதுகிறீர்கள். பிறகு இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாடச் சொன்னால் எப்படியிருக்கும்? 303-ன் சீக்வென்சர் வேலை செய்வது அப்படித்தான். பிட்ச் என்ற நிலையில் ஸ்வரங்கள் மட்டும். டைம் என்ற நிலையில் ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் ஸ்வரமா, நீட்டலா, மௌனமா என்பது மட்டும். ஓடவிட்ட பிறகுதான் இரண்டும் சேர்ந்து என்ன ஆயிற்று என்று காதுக்குத் தெரியும்.

இதில் ஒரு பொத்தான் தவறினால் அந்த இடத்தோடு பிழை நிற்பதில்லை. மூன்றாவது ஸ்டெப்பில் மௌனம் வைக்க வேண்டிய இடத்தில் ஸ்வரம் வைத்துவிட்டால், அடுத்து வரும் ஸ்வரங்கள் எல்லாமே ஓர் இடம் முன்னால் நகர்ந்துவிடும். நினைத்த மெட்டு போய் வேறொரு மெட்டு வந்து நிற்கும். பேட்டரி தீர்ந்து நினைவு குலைந்தால் நிலைமை இன்னும் விசித்திரம்: மீண்டும் உயிர் கொடுக்கும்போது, யாரும் எழுதாத ஸ்வரக் கோவைகள் பேட்டர்ன்களில் உட்கார்ந்திருக்கும். பிற்காலத்தில் இதற்காகவே பேட்டரியைக் கழற்றி மாட்டியவர்கள் உண்டு.

ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் மேலும் இரண்டு குறிகளை இடலாம். ஒன்று ஸ்லைடு. அது இருந்தால் அடுத்த ஸ்வரம் புதிதாக மீட்டப்படாது. முந்தைய ஒலி அறுபடாமல் வழுக்கிக்கொண்டு அங்கே போகும். ஜாரு என்று நம் சங்கீதத்தில் சொல்வதன் மிக எளிய வடிவம். வேகம் மட்டும் எப்போதும் ஒன்றே. மெதுவாக இழுக்கவோ, நடுவில் தயங்கவோ இடமில்லை. இன்னொன்று அழுத்தம். அழுத்தம் பெற்ற ஸ்வரத்துக்கு ஓசை கூடுவதோடு, ஒலியின் கூர்மையை வடிகட்டும் ஃபில்டர் சட்டென்று திறந்து சட்டென்று மூடும். அடுத்தடுத்த ஸ்வரங்களுக்கு அழுத்தம் கொடுத்தால், முதல் ஸ்வரத்தில் கன்டென்சரில் ஏறிய மின்னூட்டம் முழுதாக வடிவதற்குள் இரண்டாவது வந்துவிடும். அதனால் ஒவ்வொரு ஸ்வரமும் முந்தையதைவிடக் கொஞ்சம் கூர்மையாகக் கிளம்பும். ஒரே குறிதான், ஆனால் எதன் பக்கத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து வேறு வேறாக ஒலிக்கும். 303-ஐக் கணினியில் பாவனை செய்ய முயன்றவர்கள் பின்னாளில் அதிகம் மெனக்கெட்டது இந்த அழுத்தச் சுற்றோடுதான்.

ஒலி உருவாகும் வழி எளிது. ஒரே ஒரு ஆசிலேட்டர். அது ரம்பப்பல் அலை தரும், அல்லது சதுர அலை தரும். அதன் பிறகு ஒரு ஃபில்டர். அதைத் தாண்டினால் ஓசைக் கட்டுப்பாடு. மேல் வரிசையில் சுருதிக்கு ஒரு குமிழ் போக, ஃபில்டர் எங்கே திறக்க வேண்டும், அந்த இடத்தில் எவ்வளவு ரீங்கரிக்க வேண்டும், ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் எவ்வளவு விரிய வேண்டும், எவ்வளவு நேரத்தில் அடங்க வேண்டும், அழுத்தம் எவ்வளவு என்பவற்றுக்குக் குமிழ்கள். ரீங்காரக் குமிழை முழுக்கத் திருப்பி ஃபில்டரை மெல்லத் திறந்தால், ஒலி நீருக்குள்ளிருந்து மேலே வருவதுபோலக் கொழகொழத்து, பிறகு கீச்சிட்டு, கடைசியில் விசில்போல மெலியும். ஆனால் அதற்கு மேல் போய்த் தனி ஊளையாக மாறாது. எல்லையில் நின்று துடித்துக்கொண்டிருக்கும்.

பேஸ் கிட்டாரின் ஒலி இது இல்லவே இல்லை. கம்பியின் கனமும், விரல் படும் ஓசையும், மரத்தின் அதிர்வும் இதில் கிடையாது. ஸ்காட்லாந்தின் ஆரஞ்ச் ஜூஸ் குழு 1983-ல் பிரிட்டனின் முதல் பத்துப் பாடல்களுக்குள் வந்த 'ரிப் இட் அப்' பாடலில் இதைக் கிட்டத்தட்ட பேஸ் வரிசையாகவே பயன்படுத்தி அழகாகச் சமாளித்தது. அது விதிவிலக்கு.

ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். 303-ன் சீக்வென்சர் ஸ்வரத்தை நினைவில் வைத்துக்கொள்ளும், காலத்தை வைத்துக்கொள்ளும், ஸ்லைடையும் அழுத்தத்தையும் வைத்துக்கொள்ளும். குமிழ்கள் எங்கே நிற்கின்றன என்பதை வைத்துக்கொள்ளாது. மெட்டு பெட்டியிடம் இருக்கிறது. நாதத்தின் நிறம் மனிதக் கையிடம் விடப்பட்டிருக்கிறது. வாசிக்க வேண்டிய வேலை தீர்ந்துபோனதால் இரண்டு கைகளும் சும்மா இருக்கின்றன. அந்தக் கைகளை என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு இரண்டு நகரங்கள் இரண்டு விடைகள் கண்டன. முதல் விடை பம்பாயிலிருந்து வந்தது.

சரண்ஜித் சிங் பம்பாய்த் திரைப்பட இசைக்குழுக்களில் பேஸ் கிட்டாரும் ஸ்டீல் கிட்டாரும் வாசித்தவர். புதிய மின்னணுக் கருவி எது வந்தாலும் தேடிப் பிடித்துக் கற்றுக்கொள்ளும் இயல்பு அவருக்கு இருந்தது. சிங்கப்பூரில் அவர் வாங்கிய கருவிகளில் ரோலண்டின் மூன்று புதிய கருவிகள் உண்டு: ஜூபிடர்-8 என்ற பெரிய சின்தசைசர், டிஆர்-808 டிரம் மெஷின், டிபி-303. 1982-ல் இந்த மூன்றையும் ஒன்றோடொன்று காலம் தப்பாமல் இணைத்து, பத்து இந்துஸ்தானி ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்தார். ஹெச்எம்வி 1983-ல் இசைத்தட்டாக வெளியிட்டது. பெயர், 'சின்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்'.

அந்த ராகங்களில் பல நம் காதுக்கு வேறு பெயர்களில் பழக்கமானவை. பைரவ் நமக்கு மாயாமாளவகௌளை. பூபாளி நமக்கு மோகனம். யமன் கல்யாணிக்குச் சொந்தம். மால்கௌன்ஸ் நமக்கு ஹிந்தோளம். இந்த ராகங்களைச் சிங் 303-க்குள் பூட்ட முயலவில்லை. முடியவும் முடியாது, பதின்மூன்று பொத்தான்களும் ஒரே வேக ஸ்லைடும் கொண்ட கருவியில் ராகத்தின் நடமாட்டம் வராது, ஒரு கம்பித அசைவு வராது. அடியில் ஓடிக்கொண்டே இருக்கும் துடிப்பை அவர் 303-இடம் கொடுத்தார். அங்கங்கே ஃபில்டரின் சிணுங்கலோடு அது சுற்றிச் சுற்றி வருகிறது. தாளத்தை 808-இடம் கொடுத்தார். விடுபட்ட கைகளை ஜூபிடரின் கட்டைகள்மேல் வைத்து, ராகத்தைத் தானே வாசித்தார். மேலே இருக்கும் ஒவ்வொரு வளைவும், ஒவ்வொரு நிறுத்தமும் மனிதக் கையிலிருந்து வருபவை. சுருதிப்பெட்டியும் தபலாவும் இருக்கும் மேடையில் ஒரு கலைஞர் என்ன செய்வாரோ அதையேதான் அவர் செய்தார். ஆதாரத்தை இன்னொன்று பார்த்துக்கொள்ளும்போது மனோதர்மத்துக்கு இடம் கிடைக்கிறது என்ற பழைய அறிவை அப்படியே புதிய கருவிக்குக் கொண்டுபோனார். இந்த இசைத்தட்டின் மதிப்பு இதில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

தட்டு விற்கவில்லை. டிஸ்கோ கேட்கிறவர்களுக்குப் பாட்டு இல்லாத ராகம் தேவைப்படவில்லை. ராகம் கேட்கிறவர்களுக்கு இயந்திரத் தாளம் தேவைப்படவில்லை.

இரண்டாவது விடை சிகாகோவில் கிடைத்தது. அந்நகரின் கறுப்பின இளைஞர்கள், டிஸ்கோ பெரிய நிறுவனங்களால் கைவிடப்பட்ட பிறகு, டிரம் மெஷின்களையும் மலிவான சின்தசைசர்களையும் கொண்டு ஹவுஸ் என்ற இசையை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். ஸ்பாங்கி, டிஜே பியர், ஹெர்ப் ஜே என்ற மூன்று நண்பர்கள் ஃபியூச்சர் என்ற பெயரில் சேர்ந்து இயங்கினார்கள். ஸ்பாங்கியிடம் பழைய பொருளாக வாங்கிய ஒரு 303 இருந்தது. அதில் ஒரு பேட்டர்ன் ஓடிக்கொண்டிருக்க, பியர் குமிழ்களைத் திருப்பத் தொடங்கினார். ஃபில்டர் திறந்தது, மூடியது, ரீங்கரித்தது. நிறுத்தாதே என்றார்கள் மற்றவர்கள்.

இங்கே கைகள் கட்டைகளுக்குப் போகவேயில்லை. மெட்டு மாறவில்லை, மாற வேண்டிய அவசியமும் இல்லை. அதே சில ஸ்வரங்கள் பதினோரு நிமிடத்துக்கு மேல் திரும்பத் திரும்ப வருகின்றன. மாறுவது ஒலியின் நிறம் மட்டும். குமிழைத் திருப்புவதே வாசிப்பு. பேஸ் கிட்டாருக்கு மாற்றாகச் செய்யப்பட்ட கருவியிடம் பேஸ் கிட்டாரை எதிர்பார்க்காமல், அதற்கென்று இருக்கும் குரலைக் கேட்டவர்கள் இவர்கள். பெட்டியின் கையேட்டில் இப்படி ஒரு பயன்பாடு கிடையாது.

பதிவை ஒலிநாடாவில் எடுத்துக்கொண்டுபோய், மியூசிக் பாக்ஸ் என்ற நடன அரங்கின் டிஜே ரான் ஹார்டியிடம் கொடுத்தார்கள். முதல் தடவை போட்டபோது கூட்டம் தளத்தை விட்டு விலகியது. ஹார்டி விடவில்லை. அதே இரவில் மறுபடி போட்டார், மறுபடியும் போட்டார். நான்காவது முறை போட்டபோது அரங்கம் வெறிகொண்டு ஆடியது என்பது அந்த இரவைப் பற்றி அவர்கள் எல்லோரும் சொல்லும் கதை. ஒரு புதிய இசைக்கு, அதைச் செய்தவர்கள் எவ்வளவு முக்கியமோ, பிடிவாதமாகத் திரும்பப் போட்ட ஒருவரும் அவ்வளவு முக்கியம். ஹார்டியின் பெயர் வரலாற்றில் இன்னும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.

மார்ஷல் ஜெஃபர்சனின் தயாரிப்பில், வேகத்தை நிமிடத்துக்கு 120 தட்டுக்குக் குறைத்து, டிராக்ஸ் ரெக்கார்ட்ஸ் 1987-ல் அந்தப் பதிவை 'ஆசிட் டிராக்ஸ்' என்று வெளியிட்டது. ஆசிட் ஹவுஸ் என்று ஒரு வகையே பிறந்தது. 1988 கோடைக்குள் அது அட்லாண்டிக்கைத் தாண்டி லண்டன், மான்செஸ்டர் அரங்குகளையும் ஊருக்கு வெளியே கிடங்குகளையும் நிரப்பியது. மஞ்சள் சிரிப்பு முகம் அதன் சின்னமானது. பத்திரிகைகள் போதைப்பொருள் பீதியோடு அதை எழுதின. அந்தச் சமூகக் கதை பெரிது. இந்தத் தொடருக்கு வேண்டியது கருவியின் கதை மட்டும் என்பதால் அதைக் கடந்து போகிறேன்.

அடகுக் கடையில் தூசி படிந்திருந்த பெட்டியின் விலை, ஆசிட் ஹவுஸ் பரவிய பிறகு ஏறத் தொடங்கியது. புதிதாக வர வழியில்லை. இருந்த பத்தாயிரத்துக்குள்தான் எல்லோரும் அடித்துக்கொள்ள வேண்டும். டூசல்டார்ஃபின் ஹார்ட்ஃபுளோர் குழுவினர் 1992-ல் ஒன்றுக்கு மேற்பட்ட 303-களை ஒன்றோடொன்று பின்னி 'ஆக்பீரியன்ஸ் 1' என்ற பதிவைச் செய்தார்கள். ஆஸ்திரேலியாவின் ராபின் விட்டில் பெட்டியைத் திறந்து, ஸ்லைடின் வேகம் முதல் அழுத்தத்தின் இயல்பு வரை மாற்றக்கூடிய டெவில் ஃபிஷ் என்ற மறுசீரமைப்பைச் செய்து கொடுக்கலானார். ஸ்வீடனின் புரொப்பெல்லர்ஹெட் நிறுவனம் இரண்டு 303-களையும் ஒரு டிரம் மெஷினையும் கணினித் திரைக்குள் கொண்டுவந்து ரீபர்த் என்ற மென்பொருளை விற்றது. ரோலண்ட் 2014-லும் 2016-லும் எண்முறையில் மறுவடிவங்களை வெளியிட்டது. இன்று அசல் பெட்டி ஒன்று பல ஆயிரம் டாலருக்குக் கைமாறுகிறது.

பம்பாய்த் தட்டும் திரும்பி வந்தது. எடோ பௌமன் என்ற டச்சு சேகரிப்பாளர் அதைக் கண்டெடுத்து, 2010-ல் தன் பாம்பே கனெக்‌ஷன் வெளியீட்டகம் மூலம் மறுபதிப்புச் செய்தார். கேட்டவர்கள் திகைத்தார்கள். சிகாகோவுக்கு ஐந்தாண்டு முன்னால் அதே பெட்டியின் அதே ஒலி இந்தியாவில் பதிவாகியிருக்கிறது! ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தவர் சரண்ஜித் சிங்தான் என்று தலைப்புகள் வந்தன. எழுபதைத் தாண்டிய வயதில் அவர் ஐரோப்பிய மேடைகளில் அந்த ராகங்களை மீண்டும் வாசித்தார். 2015-ல் மும்பையில் காலமானார்.

அந்தத் தலைப்புகளை நான் ஏற்கவில்லை. சிகாகோவின் மூன்று இளைஞர்கள் பம்பாய்த் தட்டைக் கேட்கவில்லை. இரண்டுக்கும் நடுவே போக்குவரத்து எதுவும் இல்லை. அதைவிட முக்கியம், இரண்டும் ஒரே இசையும் இல்லை. பியர் மெட்டைப் பெட்டியிடம் விட்டுவிட்டுக் கையைக் குமிழுக்குக் கொண்டுபோனார். சிங் ஆதாரத்தைப் பெட்டியிடம் விட்டுவிட்டுக் கையை ராகத்துக்குக் கொண்டுபோனார். இன்னொருவரின் கண்டுபிடிப்புக்கு முன்னோடி என்ற பட்டம் கொடுத்தால்தான் சிங்குக்குப் பெருமை என்று நினைப்பது அவர் செய்ததைச் சிறுமைப்படுத்துவது. ராக இசைக்கு மின்னணு ஆதாரம் எப்படி இருக்கலாம் என்ற கேள்விக்கு 1982-லேயே அவர் முழுமையான விடை ஒன்றை வைத்தார். அந்த வழியில் அவருக்குப் பின் நம் நாட்டில் போனவர்கள் மிகக் குறைவு. இழப்பு நம்முடையது.

அடுத்த பகுதி, 1983 ஜனவரியில் அனஹைம் நகரக் கண்காட்சியில் இரண்டு போட்டி நிறுவனங்களின் சின்தசைசர்கள் ஒரு கம்பியால் பேசிக்கொண்ட நிகழ்ச்சியைப் பற்றியது. மிடி என்ற அந்த ஏற்பாட்டுக்கு முந்தைய கருவி என்பதால் 303-ல் அது இல்லை. அந்தப் பகுதியைப் படிப்பதற்குள் இரண்டு பதிவுகளைக் கேட்டுவிடுங்கள்: சிங்கின் பைரவ், ஃபியூச்சரின் 'ஆசிட் டிராக்ஸ்'. கைபேசியின் சிறு ஒலிபெருக்கியில் கேட்காதீர்கள், அடி ஒலி அதில் வராது. நல்ல ஹெட்ஃபோன் போட்டு, மேலே நடப்பதை விட்டுவிட்டு, கீழே ஓடும் அந்த ஒரே வரியை மட்டும் தொடர்ந்து கேளுங்கள்.